நாலு மணி ரீடிங்

மேனேஜர் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேனேஜர் ஹேமசபேசன், கேட் செக்யூரிட்டி மணவாளன், சாயம் காய்ச்சும் ரியாக்டரின் ஆபரேட்டர் பூவரசன், அதே ரியாக்டரில் அவனோடு வேலை பார்க்கும் உயிர் நண்பன் கலியமூர்த்தி. மேசைமேல் ஒரு கண்ணாடிக் குப்பியில் சனிக்கிழமை சரக்கின் மாதிரி. நீலச் சாயமாக வந்திருக்க வேண்டியது தாராகக் கறுத்துக் கிடந்தது. மொத்தம் ஐந்நூறு கிலோ.

காரணம் கலியமூர்த்திக்குத் தெரியும். நாலு மணிக்குப் பூவரசன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துக் குளிர்நீர் வால்வை மூடி, சூடு ஏறவிட்டு, இருபது நிமிஷம் கழித்துத் திறந்துவிட்டவன் அவன்தான்.

செம்மங்குப்பத்து ஃபேக்டரியில் 2005-இல் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். நாலு வருஷம் கழித்து, இந்தப் பொங்கலுக்குப் பூவரசன் மட்டும் பர்மனென்ட் ஆனான். கலியமூர்த்தி இன்னும் கான்ட்ராக்ட். "அவுங்களுக்கு மட்டும் எப்பிடிங்க?" என்று அவன் மனைவி வித்யா தினமும் கேட்டாள். பூவரசனோ முன்போலவே தன் டிபனிலிருந்து பாதி மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தான். அதுதான் இன்னும் எரிந்தது.

மணிக்கொரு தரம் ரியாக்டரின் சூட்டைப் பார்த்து லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இருவரில் யார் போட்டாலும் சரி. கலியமூர்த்தி பேனாவைத் தொட்டதே இல்லை. ஷிஃப்ட் தொடங்கும்போதே பூவரசன் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதி முடித்துவிடுவான். எல்லா ரியாக்டரிலும் அப்படித்தான்.

"நாலு மணிக்கு நாப்பது டிகிரின்னு இருக்கு. பாக்காமலே எழுதுன ரீடிங்," என்றார் ஹேமசபேசன். "இதுக்கு யாருய்யா பொறுப்பு?"

பூவரசன் தலையைத் தொங்கப் போட்டான்.

"கையெழுத்துப் போட்டவன்தான் சார்," என்றான் கலியமூர்த்தி. குரலில் வருத்தம் சேர்த்துக்கொண்டான். கொஞ்சம் நிஜமாகவே வந்தது.

"அப்ப அவன் வேலைய விட்டுப் போவட்டும்."

"சார், நான்தான் சார் போட்டேன்! என்னை அனுப்புங்க!" பூவரசன் கத்தினான்.

"சும்மா இருய்யா. ஃபிரண்டுக்காகப் பொய் சொல்லாத." மேனேஜர் லாக் புக்கைக் கலியமூர்த்தி பக்கம் திருப்பினார்.

பூவரசன் அழுதேவிட்டான். "லாக் புக்க பாத்துதான் பர்மனென்ட் பண்றாங்களாம் மச்சான். அதான் ஒரு மாசமா உன் கையெழுத்தயே போட்டுக்கினு வந்தேன்."

மெயின் கேட்டின் சின்னக் கதவு வழியாகக் கலியமூர்த்தியை வெளியே விட்டு, மணவாளன் உள்பக்கம் பூட்டினார்.