துலக்கிய வில்லை

நடுவர் கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்தார். பூதக்கண்ணாடியை ஓரிடத்தில் நிறுத்தினார்.

அது அங்கிருந்து நகரவில்லை.

அவள் கணவரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். நீல வெல்வெட்டின் மேல் அந்தப் பித்தளை வில்லை மின்னியது. தபால்தலைக் கண்காட்சி மண்டபத்தில் வேறெதுவும் அப்படி மின்னவில்லை. பெருமையாக இருந்தது.

மின்ன வைத்தது அவள்தான்.

எட்டணா அளவு இருக்கும். பின்பக்கம் எழுத்துப் பொறித்த பித்தளை. முன்பக்கம் கண்ணாடி மாதிரி மெல்லிய காக்காப்பொன் தகடு. அதற்குள் ஒரு தபால்தலை. கல்யாணமான இரண்டாம் வாரம் இன்னாசிமுத்து அதை அவள் உள்ளங்கையில் வைத்துக் கதை சொல்லியிருந்தார். அமெரிக்காவில் ஒரு சண்டைக் காலம். சில்லறைக்குத் தட்டுப்பாடு. தபால்தலையை இப்படி அடைத்துக் காசாகப் புழங்கினார்களாம். பொன்மலை ரயில்வே குடியிருப்பைக் காலி செய்து ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு டிரைவர் குடும்பத்திடம் முப்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கியிருந்தார்.

அப்போது அது கறுத்துக் கிடந்தது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. அவளுக்கு நாற்பத்தொன்பது. இருவருக்கும் அதுதான் முதல் கல்யாணம். படுத்த படுக்கையாய்க் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் அவளுடைய வருஷங்கள் போய்விட்டன. அவருடைய வருஷங்கள் எப்படிப் போயின என்று இன்னும் கேட்கவில்லை. ஐந்து மாதமாக அந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நடமாடினாள். அலமாரியிலிருந்து ஒரு டம்ளர் எடுக்கக்கூட, "எடுத்துக்கட்டுங்களா?" என்றாள்.

வியாழக்கிழமை, முதல்முறையாகக் கேட்காமல் ஒரு காரியம் செய்தாள்.

மாதா படத்துக்கு முன்னாலிருந்த மெழுகுதிரித் தண்டுகளைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். கண்காட்சிக்குப் போகிற சாமானாயிற்றே என்று பீரோவைத் திறந்து வில்லையையும் எடுத்து வந்தாள். எழுத்து இடுக்குகளில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய்த்தாள்.

வேலை முடிந்து வந்தவர், அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப நேரம் தேய்ச்சியா?"

"அரை மணி ஆச்சுங்க. அவ்வளவு அழுக்கு."

"விரல் வலிச்சிருக்குமே."

அவள் கட்டைவிரலைப் பிடித்து மெல்ல அழுத்திவிட்டார்.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து நடுவர் நிமிர்ந்தார்.

"யார் சார் இதைத் துலக்குனது?"

கோபமில்லை. துக்கம் விசாரிக்கிற குரல்.

"காக்காப்பொன்ல ஒரு கீறல் இல்ல. எழுத்து ஒண்ணு தேயல. இப்படி முழுசா கிடைக்கிறதே அபூர்வம். நூத்தி அறுபது வருஷமா தானா ஏறுன நிறம் சார், அதுக்குத்தானே மதிப்பு. அதைப் போய்... இங்க பாருங்க, தண்ணி உள்ள இறங்கி ஸ்டாம்பு ஓரத்துல கறை வேற. மூணுல ஒரு பங்குகூட இனித் தேறாது."

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

"நான்தான் சார்," என்றார் இன்னாசிமுத்து. "ஒரு ஆசையில பண்ணிட்டேன்."

"நீங்களா? இத்தனை வருஷமா சேர்க்கிறவரு?"

"புத்தி அப்படிப் போச்சு சார்."

சிரித்துக்கொண்டே சொன்னார்.

பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டை இருந்தது. அவள் அதை அப்போதுதான் படித்தாள். அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. கடைசி வரி: 'நிலை: அண்மையில் துலக்கப்பட்டது.'

வியாழக்கிழமையே தெரிந்திருக்கிறது.

"நான்தாங்க துலக்குனேன்."

நினைத்ததைவிடக் குரல் உரக்க வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

"இவரு வேலைக்குப் போயிருந்தாரு. இவருக்கு ஒண்ணும் தெரியாது."

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நோட்டில் எழுதியிருந்த மதிப்பெண்ணை அடித்துத் திருத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, "வர்றேம்மா" என்று கைகூப்பிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்.

மாநிலப் போட்டிக்கு வேறொருவர் பெயரை வாசித்தார்கள். இந்த வருஷம் இன்னாசிமுத்துதான் என்று சங்கத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் கைதட்டினார்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் தாழ்ந்திருந்தது. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

"ஏங்க அன்னைக்கே சொல்லல?"

அவர் வில்லை இருந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா, அமலம், அப்புறம் நம்ம வீட்டுல நீ எதையாவது தொடுவியா?"

பஸ் வந்தது.

பெண்கள் பக்கம் இரண்டு இடம் காலியாக இருந்தது. அவள் அவற்றைத் தாண்டி நடந்தாள். கடைசி நீள இருக்கையில் அவரை ஜன்னலோரம் உட்காரச் சொல்லி, பக்கத்தில் தோள் உரச உட்கார்ந்தாள்.

வண்டி பாலம் ஏறியது.

அவருடைய சட்டைப்பைக்குள் கையை விட்டு வில்லையை எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். தபால்தலையின் ஓரத்தில், கீழ் மூலையில், தேநீர் சிந்திய மாதிரி ஒரு பழுப்பு.

"இது இன்னும் பரவுமாங்க?"

அவரும் குனிந்து பார்த்தார். இரண்டு தலைகளும் லேசாக முட்டிக்கொண்டன.

"காய்ஞ்சிருச்சு," என்றார். "இனிப் பரவாது."