நாளைக்கே நடந்துடலாம்

"நிறுத்துங்கப்பா! ஸ்ட்ரெச்சரை நிறுத்துங்க!"

ஆபரேஷன் தியேட்டர் கதவின் நிலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார் அவர். தள்ளி வந்த ஊழியர் திணறிப்போனார்.

"நிலையைப் பேத்து எடுத்துடாதீங்க. தனியா ஸ்டூல் மேல ஏறி ஒட்டடை அடிச்சப்போ இந்த பயத்தை எங்க வெச்சிருந்தீங்க?" ஃபிளாஸ்க்கும் கையுமாகப் பின்னாலேயே வந்த மனைவி கேட்டாள்.

"முதுகெலும்பு நொறுங்கினது உனக்கா எனக்கா? டாக்டரைக் கூப்பிடு."

முகமூடியை இறக்கியபடி டாக்டர் வந்தார். "என்ன சார், நேத்து சரின்னுதானே சொன்னீங்க?"

"ஊசி வழியா எலும்புக்குள்ள சிமெண்ட் விடுவீங்க. அது வழிஞ்சு நரம்புல பட்டா?"

"அபூர்வம். ஆனா நடக்கலாம்."

"ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போயிட்டா?"

"அதுவும் எப்பவாவது நடக்கும்."

"பக்கத்து எலும்பு?"

"சிமெண்ட் வெச்சது கல்லாயிடும். பாரம் தாங்காம அடுத்த எலும்பு உடையறதும் உண்டு. எல்லாம் நேத்தே சொன்னேனே!"

"கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்தார், கேஸ் ஜெயித்தவர் போல.

"கேட்டேன், கேட்டேன். பரீட்சைக்குக்கூட இப்படிப் படிச்சிருக்க மாட்டீங்க."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிமெண்ட் வேணாம்னா பெல்ட் போட்டுக்கிட்டு ஓய்வா இருங்க. தானா சேர்ந்துடும். வலிக்கு மாத்திரை தரேன். ஆனா ரெண்டு மூணு மாசம் இழுக்கும். அதுவரைக்கும் இவங்கதான் கூடவே இருந்து உங்களைக் கட்டி மேய்க்கணும், பாவம்! சிமெண்ட்னா நாளைக்கே நடந்துடலாம்."

"நாளைக்கேவா?"

அவர் பிடி இன்னும் இறுகியது. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கைப்பையில் போன் அலறியது. எடுத்தவள், அவர் முகத்தையே பார்த்தபடி பேசினாள்.

"சொல்லுங்க வக்கீல் சார்... ஆமா, அவர் எழுந்து நடந்ததும் கோர்ட்டுக்கு வந்து டைவர்ஸை முடிச்சுக்கலாம்னுதான் ஜட்ஜ் சொன்னார்... ஆனா பாருங்க, இந்த சிமெண்ட்ல ஏகப்பட்ட குறை இருக்காம். நாங்க பெல்ட்டே போதும்னு முடிவு பண்ணிட்டோம்."