முகத்தைத் திருப்பாதவர்

கண்ணாடியை மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரையில் நின்றால், அரைமணிக்கு ஒருமுறை கௌதம் வெட்டுப்பட்டுச் சாவான். அவன் நிஜமாக வெட்டப்பட்ட அதே இடத்தில், அந்தக் கண்ணாடி வழியாக மட்டும் தெரியும்படி நகரத்து ஓவியர் ஒருவர் கணினியால் வெறும் காற்றில் வரைந்து வைத்த காட்சி அது. இரத்தம் தண்ணீர் வரைக்கும் ஓடும். வெட்டுகிறவனுக்கு மட்டும் முகம் கிடையாது. நிஜத்திலும் அவன் யாரென்று போலீசால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கரையில் மண்டும் கருவேலத்தை வெட்டிச் சுத்தம் செய்யும் வேலையை, கௌதமின் அம்மா முனீஸ்வரி தானே கேட்டு வாங்கியிருந்தாள். கண்ணாடியை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. பார்க்க வருகிறவர்களின் முகத்தைத்தான் பார்ப்பாள். கழுத்தில் வெட்டு விழும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கௌதம் செத்த நான்காம் வருடம் ஒரு மத்தியானம், தனியாக வந்த வெள்ளை வேட்டிக்காரர் திருப்பவில்லை. உச்சுக் கொட்டினார்.

"என்னய்யா, நல்லா இல்லையா?" என்றாள்.

"தப்பா வரைஞ்சிருக்கான்மா. பின்னாடி நின்னு வெட்டுற மாதிரி காட்டுறான். நேருக்கு நேராத்தான் வெட்டுனது. அதுவும் பீச்சாங்கையால."

"எந்தக் கைன்னீங்க?"

"இந்தா, இந்தக் கை." அவள் பக்கம் திரும்பாமலே இடது கையை நீட்டினார்.

கருவேலங்கிளைக்கு ஓங்குவதைப் போலத்தான் அரிவாளை ஓங்கினாள். கை மண்ணில் விழுந்து விரல்கள் துடித்தன. அலறியபடி அவர் மண்டியிட்டார்.

முனீஸ்வரி அரிவாளைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"கண்ணாடியக் கழட்டுய்யா. நேருக்கு நேராத்தான வெட்டணும்?"