மெர்சியின் குறிப்பு

‘இந்தக் கணக்கு குழந்தைகளுக்கு மருந்தளவைக் கூட்டிக் காட்டுகிறது, மேனேஜரிடம் சொல்லியாயிற்று.’ வேலையிலிருந்து நீக்கப்பட்ட மெர்சி, மருத்துவமனை மென்பொருளின் நிரலுக்குள் எழுதிவைத்துப் போன இந்தக் குறிப்பை, நிரலின் பழைய மாற்றங்களையெல்லாம் சேமித்துவைக்கும் ‘கிட்’ வரலாற்றிலிருந்தே மேனேஜர் அழித்தார். மறுநாள் அது அதே இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தார், மறுபடி வந்தது. “யார் மெஷின்லேருந்து வருதுன்னு பாத்துச் சொல்லும்மா” என்றார், அதே டீமிலிருந்த பூங்குழலியிடம். அவள் பார்க்கவே தேவையில்லை. தன் மெஷினிலிருந்த பழைய பிரதியை முதல் முறை சர்வரில் ஏற்றியவள் அவள்தான். ஒத்துக்கொண்டுவிடும் முடிவோடுதான், யார் ஏற்றியது என்று காட்டும் சர்வர் பதிவைத் திறந்தாள். இரண்டாம் முறை ஏற்றியிருந்தது, எதற்கும் வாய் திறக்காத பக்கத்து சீட் அன்வர். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பூங்குழலி பதிவை மூடினாள். “எல்லார்கிட்டயும் ஒரு காப்பி இருக்கு சார். நீங்க அழிச்சுக்கிட்டே இருங்க.”