முந்திக்கொண்ட எதிரொலி

கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிக்கும் ஞானையாவுக்கு விரல் எப்போதும் ஒரு தட்டு பிந்தித்தான் விழும். “இன்னைக்கும் பிந்துனீருன்னா, நாளைலயிருந்து ஸ்பீக்கர் தூக்க வாரும்வே” என்று சொல்லிவிட்டார் குழு நடத்தும் செல்வின். ஞானையா பிஸ்கட் டப்பாவுக்குள் தானே செய்து வைத்திருந்த எக்கோ பெடலைத் திறந்தார். வாசித்ததைத் திருப்பிச் சொல்லும் பெட்டி அது. பழைய ரேடியோவிலிருந்து, திருகினால் ‘டக்’கென்று சுவிட்சும் சேர்ந்து விழும் வால்யூம் குமிழைக் கழற்றி அதில் பற்றவைத்தார். அவசரத்தில் குமிழின் ஓரத்துக் கம்பிகள் இரண்டும் இடம் மாறிவிட்டன. திருகிப் பார்த்தார். ‘டக்’. எதிரொலி முதலில் வந்தது. அதன் பிறகுதான் விரல் தந்தியில் பட்டது. இருக்கட்டும் என்று மூடியை முடுக்கிவிட்டார். அன்று மேடையில் எல்லாம் தாளத்தில் கச்சிதமாக விழுந்தது. செல்வின் தபலாக்காரரிடம், “மனுசன் பொறந்ததுக்கு இன்னைக்குத்தான்வே நேரத்துக்கு வந்திருக்காரு” என்றார். தனியாக வாசிக்கும் முறை வந்ததும் ஞானையா குமிழைக் கடைசிவரை திருகினார். வாசிப்பு முழுவதும் முன்னதாகவே ஒலித்து முடிந்தது. பந்தியில் இருந்தவர்கள்கூட எச்சில் கையோடு எழுந்துவந்து தட்டினார்கள். ஞானையா கும்பிட்டார். இனி வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. கைதட்டல் அடங்கட்டும் என்று, மடியில் கிட்டாரோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.