கழுதை தின்னாத றோசா

"கழுதை வந்து திண்டிருக்கும், அப்பா," என்றாள் றொஷேல், முகத்தைத் திருப்பாமலே.

அமிர்தநாயகம் குனிந்து கொப்பைப் பார்த்தார். கத்தரிக்கோலால் சரிவாக நறுக்கிய வெட்டு. பள்ளிமுனைக் கழுதைகள் எந்த வேலியையும் பிரிக்கும். கத்தரிக்கோல் பிடித்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

உப்பு மணலைத் தோண்டி எறிந்து, நானாட்டானிலிருந்து நல்ல மண் இறக்கி அவர் வளர்த்த றோசாச் செடி அது. இதழின் உள்பக்கம் சிவப்பு, வெளிப்பக்கம் மஞ்சள். கொப்புக்குக் கொப்பு கொத்தாகப் பூக்கும். ஞாயிறு தவறாமல், இருப்பதிலேயே நல்ல கொத்தொன்று காணாமல் போய்க்கொண்டிருந்தது.

பூ போனால் போகட்டும். மனைவி இறந்தபின் அவருக்கென்று இருப்பது இந்த ஒரே மகள்தான். வேலை கிடைத்து அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிறாள். அதற்குள் எவனோ அவள் மனதைக் கெடுத்துவிட்டானோ என்பதுதான் அவருடைய பயம்.

போதாக்குறைக்கு, கேளாமலே அவருக்கு ஒரு புதுச் சேட்டும் தைப்பித்து வந்திருந்தாள். "தாடியை வழிச்சுப்போட்டு, இதைப் போட்டுக்கொண்டு பூசைக்கு வாங்கோ."

இது லஞ்சமேதான் என்று அவர் முடிவுகட்டினார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்த கையோடு மகளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனார். பைக்குள் பூவை ஒளித்துக்கொண்டு போனவள், தையல்கார றெபேக்காவின் வீட்டுக்குள் நுழைந்து வெறுங்கையோடு திரும்பினாள்.

அமிர்தநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. றெபேக்கா பாவம், தம்பியை வளர்த்ததிலேயே கலியாணம் கட்டாமல் இருந்துவிட்டவள். அந்தத் தம்பி டிலோஜன்தான் மோட்டார் சைக்கிளும் முறுக்கிய மீசையுமாய்த் திரிகிறானே!

மகள் தெரு திரும்பும்வரை பொறுத்திருந்து, படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மேசையில், தண்ணீர் விட்ட போத்தலில், சிவப்பும் மஞ்சளுமாய் அவருடைய றோசா.

"எங்கை உங்கட தம்பி? கூப்பிடுங்கோ அவனை!"

றெபேக்கா தையல் மெசினை விட்டு எழும்பினாள். "அவன் பந்தடிக்கப் போயிட்டான். ஏன், அவனிட்டயும் கேக்கவேணுமோ?"

"கேக்காமல்? இது என்ர வீட்டுப் பூ! என்ர மகள் கொண்டுவந்து குடுக்கிற பூ!"

"தெரியும். நீங்கள் குடுத்துவிட்டதெண்டு சொல்லித்தானே ஒவ்வொரு கிழமையும் தாறவ."

றெபேக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்குச் சம்மதம்."