ஒற்றைக் காது ஷெரீஃபின் துப்பாக்கி

"துப்பாக்கியால செத்தவங்களைவிட, துப்பாக்கியோட சேத்து விக்கிற கதையால செத்தவங்கதான் ஓக்லஹோமாவுல அதிகம்!"

பழந்துப்பாக்கிக் கண்காட்சியில் தன் விற்பனை மேசைக்குப் பின்னால் நின்றபடி ஆர்வில் ஸ்டக்கி இதைச் சிரிக்காமல் சொன்னார். கேட்டவர்களும் சிரிக்காமல் தலையாட்டினார்கள். பழைய கைத்துப்பாக்கி சேகரிப்பவர்களிடம் நகைச்சுவையை எதிர்பார்ப்பது நம் தவறு.

அன்று காலைதான் அவர் கொண்டுவந்த தீர்மானம் சேகரிப்பாளர் சங்கத்தில் நிறைவேறியிருந்தது. பொய்க் கதை சொல்லித் துப்பாக்கி விற்றவன் எவனாக இருந்தாலும், இந்தக் கண்காட்சிக் கூடத்தில் அவனுக்கு ஆயுசுக்கும் மேசை கிடையாது. அசலையும் போலியையும் பிரித்துச் சொல்லும் நடுவராக ஆர்வில்லையே போட்டுவிடலாம் என்று தலைவர் வெண்டெல் வெள்ளி வில்லையோடு வந்து நின்றார். சட்டையில் குத்த வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து, லோரீன் என்ற பெண்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, துண்டில் சுற்றிய ரிவால்வரை அவர் மேசைமேல் வைத்தாள்.

"நீங்க பெரிய நிபுணர்னு சொன்னாங்க. இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

ஆர்வில் துண்டை இரண்டு விரலால் விலக்கினார், செத்த எலியை விலக்குவதுபோல. "கூடவே ஒரு கதை இருக்குமே? சொல்லுங்க. சிரிச்சு நாளாச்சு."

"ஒரு துணை ஷெரீஃப் வெச்சிருந்ததாம்…"

"ஒத்தக் காது துணை ஷெரீஃப்!" ஆர்வில் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆயிரத்தெண்ணூத்தி எண்பத்தொன்பதுல, அரசாங்கம் இனாமா விட்ட நிலத்தைப் பிடிக்க ஜனம் வண்டி கட்டிக்கிட்டு ஓடுன அன்னிக்கு, தனி ஆளா நாலு திருடனைச் சாய்ச்சாரு. பிடியில நாலு வெட்டு. ஆளுக்கு ஒண்ணு. அதானே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லோரீன் திகைத்துப்போனாள். "அதே கதைதான்!"

"இந்தப் பொத்தானைப் பாருங்கம்மா. இதை அழுத்திக் குண்டு போடற உருளையைக் கழட்டறது பின்னாடி வந்த ஏற்பாடு. அன்னிக்கு இந்த இடத்துல வெறும் திருகாணிதான். ஆக, துப்பாக்கி பொறக்கறதுக்கு முன்னாடியே ஷெரீஃப் அதை வெச்சு நாலு பேரைச் சுட்டிருக்காரு! கெட்டிக்காரர்தான்."

மறுபடியும் சிரிப்பு. ஆர்வில் பிடியைத் திருப்பினார். "நிஜமா ஆளைச் சுட்டவன் தூக்கம் வராம குடிப்பான். உக்காந்து மரவேலை பாப்பானா? இது சமையக்கட்டுக் கத்தியால போட்ட வெட்டு. மேல காப்பிச் சக்கையைத் தேச்சுப் பழசாக்கியிருக்கான்."

"அப்போ இதை வாங்கினவர்?"

"அவரைத் தனியா வெளிய விடாதீங்க."

லோரீன் சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரர்தான். என் குதிரையை வித்துட்டு இதை வாங்கிட்டு வந்தாரு. குட்டியிலேர்ந்து நான் புட்டிப் பால் கொடுத்து வளத்தது. குதிரையை வாங்கினவர் இன்னும் திருப்பித் தரத் தயாரா இருக்காரு. இது போலின்னு நீங்க இவங்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டா, வித்தவன்கிட்டயே பணத்தை வாங்கி என் குதிரையை மீட்டுக்குவேன்."

"ஒரு வார்த்தை என்னம்மா, ஊருக்கே கேக்கச் சொல்றேன். அந்த அயோக்கியனைக் காட்டுங்க. மேசையோட தூக்கி வெளிய எறியறோம். என்ன வெண்டெல்?"

"அதுக்குத்தானே தீர்மானம் போட்டோம்," என்று வெண்டெல் வில்லையின் ஊசியைத் திறந்தார். நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

"எனக்கு ஆளைத் தெரியாது. என் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அதோ வராரு." லோரீன் எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். "டெல்பர்ட்! இங்க வா!"

இரண்டு கையிலும் எண்ணெயில் பொரித்த ரொட்டியோடு ஒரு பருத்த மனிதர் இடித்துப் புகுந்து வந்தார். ஆர்வில்லைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீயே இவரைக் கண்டுபிடிச்சுட்டியா! சார், நான் சொன்னா இவ நம்பவே மாட்டேங்கறா. அன்னிக்கு இதை எனக்கு விக்கும்போது சொன்னீங்களே, அதை உங்க வாயால இவளுக்கும் ஒரு தடவை சொல்லிடுங்க!"

வெண்டெல்லின் கை, திறந்த ஊசியோடு, ஆர்வில்லின் சட்டைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

ஆர்வில் ரிவால்வரை எடுத்தார். சட்டை நுனியால் மெல்லத் துடைத்தார். சாமி படத்தை வைப்பதுபோல இரண்டு கையாலும் அதைத் துண்டின்மேல் வைத்துவிட்டு, லோரீனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"கதை உண்மைதாம்மா."